விளக்கு படகிலா, துறையிலா?
இருட்டில் கரை சேரும் உல்லாசப் படகுகள் பற்றிய ஓர் ஆய்வு

இருட்டிய பிறகு ஒரு சிறு படகு துறைக்குத் திரும்புகிறது. கடைசி ஐம்பது அடியில் அதை ஓட்டுபவருக்கு மூன்று விவரங்கள் தெரிந்தாக வேண்டும்: துறையின் விளிம்பு எங்கே, இடையில் ஏதேனும் கிடக்கிறதா, கயிற்றைப் பிடிக்க யார் நிற்கிறார்கள். இவற்றைக் காட்டும் வெளிச்சம் எங்கிருந்து வர வேண்டும்? கேள்வி சிறியது, அதற்குச் சொல்லப்பட்ட பதில்களின் வரலாறு நீளமானது. கரையில் விளக்கேற்று என்றார்கள் பழைய கடலோடிகள். படகின் முன்முனையில், அதாவது அணியத்தில், இரண்டு டாக்கிங் லைட் பொருத்து என்கிறார்கள் இன்றைய படகு வியாபாரிகள். விளக்கே வேண்டாம், கண் இருட்டுக்குப் பழகட்டும் என்பவர்களும் உண்டு. இருட்டில் படகே எடுக்காதே என்பது அரசு நிர்வாகங்களின் வழக்கமான பதில்.

திண்டுக்கல் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை இரண்டு வகை நீர்நிலைகளை வைத்து எடைபோடலாம். மலைமேல் கொடைக்கானல் ஏரி. மதுரை ஆட்சியராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் அணையிட்டு உருவாக்கியது. 1890இல் அங்கே படகுக் கழகம் தொடங்கியது. மலையடிவாரத்தில், பாலசமுத்திரம் அருகே, பாலாறு–பொருந்தலாறு அணை. பழனியைச் சுற்றி வரதமாநதி, குதிரையாறு என்று அதே குடும்பத்து அணைகள் இன்னும் உண்டு. ஏரியின் நீர்மட்டம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. அணையின் நீர்மட்டமோ பாசனத்துக்குத் திறக்கத் திறக்க இறங்கும், மழை பிடித்தால் ஏறும். விளக்கைப் பற்றிய விவாதத்தில் இந்த வேறுபாட்டை யாரும் போதிய அளவு கருதியதாகத் தெரியவில்லை. ஆனால் பதிலைத் தீர்மானிப்பதில் அதற்கே பெரும் பங்கு இருப்பதாகத் தோன்றுகிறது.

கரையில் ஏற்றிய விளக்கு

மிகப் பழைய பதில் இதுதான். தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், நீர்ப்பெயற்று என்னும் துறையில் உயர்ந்த மாடத்தின்மேல் இரவில் எரியும் விளக்கு கலங்களை அழைக்கும் காட்சி வருகிறது. சிலப்பதிகாரத்திலும் கலங்கரை விளக்கம் உண்டு. சென்னையில் 1796இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் ஒரு கட்டடத்தின் மேல் தேங்காய் எண்ணெய் விளக்குகளை ஏற்றியதில் தொடங்கி, 1844இல் தனித் தூண், 1894இல் உயர் நீதிமன்றக் கோபுரம், 1977இல் மெரினாவில் இன்றைய கலங்கரை விளக்கம் என்று அந்த வெளிச்சம் இடம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது.

ஆனால் கலங்கரை விளக்கம் தூரத்துக்கு உரியது. கரை எந்தப் பக்கம் என்று சொல்லும். துறையின் மரக்கால் எங்கே நிற்கிறது என்று சொல்லாது. அந்தக் குறையை நிரப்பத் துறைமுகங்களில் வேறொரு முறை வந்தது. முன்னே தாழ்வாக ஒன்று, பின்னே உயரமாக ஒன்று என இரண்டு விளக்குகளை வைப்பார்கள். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால் படகு சரியான பாதையில் வருகிறது. மேல்விளக்கு இடப்பக்கம் விலகித் தெரிந்தால் படகும் இடப்பக்கம் ஒதுங்கிவிட்டது. பகலில் நம் கடற்கரை மீனவர்கள் கோபுரத்தையும் பனையையும் நேர்கோட்டில் வைத்துக் கடலில் இடம் கண்டுபிடிக்கிறார்களே, அதே கணக்கு. இதன் பெரிய நன்மை, வெளிச்சம் ஓட்டுபவரின் கண்ணைக் கூசச் செய்யாது என்பது. இரண்டு சின்னப் புள்ளிகள் போதும்.

உள்நாட்டு நீரில் நமக்கு இருக்கும் நீண்ட இரவு மரபு தெப்பத் திருவிழா. மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்தில் தைப்பூசத்தன்று தெப்பம் சுற்றுகிறது. பழனியிலும் தைப்பூசத் திருவிழா தெப்பத்தோடு நிறைவடைகிறது. அலங்கார விளக்குகள் நிறைந்த அந்தத் தெப்பங்கள் கரை சேரும் விதம் கவனிக்கத்தக்கது. மதுரையில் அதைக் கரையிலிருந்து கயிறு பிடித்து இழுக்கிறார்கள். திசையும் வேகமும் கரையில் நிற்பவர்கள் கையில் இருக்கின்றன. தெப்பத்தின் மேல் எரியும் விளக்கு சுவாமிக்காகவும் பார்ப்பவர்களுக்காகவும்தான். வழி பார்ப்பதற்காக அல்ல. கரையைப் பொறுப்பாக்கினால் படகில் வெளிச்சம் தேவைப்படாது என்ற கொள்கையின் முழுமையான வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

கொடைக்கானல் ஏரிக்கு இந்தக் கொள்கை பொருந்தும். துறை நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதன் விளிம்பில் தாழ்வாக, கீழ்நோக்கி நான்கு விளக்குகளைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பாலாறு–பொருந்தலாறு போன்ற அணையில் அப்படி முடிவதில்லை. அதன் முழு உயரம் 65 அடி, ஏறத்தாழ இருபது மீட்டர். நீர்ப்பரப்பின் ஓரச் சரிவு இருபதுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், நீர் ஒரு மீட்டர் இறங்கும்போது கரை இருபது மீட்டர் விலகிப்போகும். ஐந்து மீட்டர் இறங்கினால் நூறு மீட்டர். தை மாதம் தண்ணீர் தொட்டுக்கொண்டிருந்த விளக்குக் கம்பம் சித்திரையில் வெடித்த சேற்றுக்கு நடுவே நிற்கும். அதன் வெளிச்சத்தை நம்பி வரும் படகு தரை தட்டும். மிதவை மேடை அமைத்து, நீரோடு சேர்ந்து நகரும் மேடையின்மேல் விளக்கை வைப்பது இதற்கு மாற்று. அது செலவுள்ள வேலை. நங்கூரத்தையும் சங்கிலியையும் பருவந்தோறும் சரிசெய்ய ஆள் வேண்டும். கரை விளக்கை ஆதரிப்பவர்கள் பெரும்பாலும் கடல் துறைமுகத்தை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். கடலில் ஏற்ற இறக்கம் உண்டு, ஆனால் அது நாளுக்குள் திரும்பிவிடும். அணையில் திரும்புவதற்கு ஒரு மழைக்காலம் ஆகும்.

பிறர் பார்ப்பதற்கான விளக்கு

படகில் விளக்கு என்றதும் சட்டம் நினைப்பது வேறொன்றை. நீராவிக் கப்பல்கள் பெருகியபோது இரவு மோதல்களும் பெருகின. அமெரிக்கா 1838இல் நீராவிப் படகுகள் இரவில் விளக்கு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 1848இல் பிரிட்டன் நீராவிக் கப்பல்களுக்குச் சிவப்பு, பச்சை, வெள்ளை முறையைக் கட்டாயமாக்கியது. 1863இல் பிரிட்டனும் பிரான்சும் பொது விதிகளுக்கு வந்தன. 1889இல் வாஷிங்டனில் பன்னாட்டு மாநாடு கூடியது. இன்று நடைமுறையில் இருப்பவை 1972இல் ஏற்கப்பட்டு 1977இல் அமலுக்கு வந்த மோதல் தடுப்பு விதிகள்.

இவ்விதிகளின்படி இடப்பக்க விளக்கு சிவப்பு, வலப்பக்க விளக்கு பச்சை, ஒவ்வொன்றும் 112.5 பாகை அகலத்துக்கு ஒளி வீச வேண்டும். பின்புற வெள்ளை விளக்கு 135 பாகை. ஏழு மீட்டருக்குக் குறைந்த நீளமும் மணிக்கு ஏழு கடல் மைலுக்கு மிகாத வேகமும் கொண்ட இயந்திரப் படகுக்குச் சுற்றிலும் தெரியும் ஒற்றை வெள்ளை விளக்கு போதும். துடுப்புப் படகில் ஒரு டார்ச்சோ அரிக்கேனோ கைக்கெட்டும் இடத்தில் இருந்து, மோதலைத் தவிர்க்கும் அளவுக்கு முன்கூட்டியே காட்டினால் போதும் என்கிறது விதி. எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும் எண்ணம் ஒன்றே: விளக்கு, படகு எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பிறருக்குச் சொல்வதற்கு. வழியைப் பார்ப்பதற்கு அல்ல.

ஆகவே 20ஆம் விதி, அடையாள விளக்குகளோடு குழப்பக்கூடிய, அவற்றை மங்கச் செய்யக்கூடிய, கண்காணிப்புக்கு இடையூறாகக்கூடிய வேறெந்த விளக்கும் எரியக் கூடாது என்கிறது. டாக்கிங் லைட்டைப் பற்றிய கருத்து மோதல் இங்கிருந்துதான் கிளம்புகிறது. கண்டிப்பாகப் படிப்பவர்கள், நகரும் படகில் முன்னோக்கிய வெள்ளை ஒளி எதுவானாலும் சிவப்பையும் பச்சையையும் விழுங்கிவிடும், ஆகவே தவறு என்கிறார்கள். தளர்வாகப் படிப்பவர்கள், துறைக்கு அருகே, வேறு படகில்லாத நேரத்தில், சில நிமிடம் எரிவது விதிக்கு முரணல்ல என்கிறார்கள். விதியின் சொற்கள் இரண்டாவது வாசிப்புக்கு இடம் தருகின்றன. ஆனால் அதே சொற்கள், நடு ஏரியில் டாக்கிங் லைட்டைப் போட்டுக்கொண்டு கார் ஓட்டுவதுபோல் ஓட்டுவதைத் தெளிவாகவே தடுக்கின்றன.

இந்த நிலைப்பாட்டின் பலவீனம் இரண்டு. ஒன்று, அடையாள விளக்கு மோதலைத் தடுக்கும். துறையை இடிப்பதைத் தடுக்காது. மற்றொன்று, இந்தப் பன்னாட்டு விதிகள் கடலுக்கும், கடற்கப்பல் வந்துபோகக்கூடிய, கடலோடு இணைந்த நீருக்கும் உரியவை. கொடைக்கானல் ஏரிக்கோ பழனி மலையடிவார அணைகளுக்கோ அவை நேரடியாகப் பொருந்தா. இந்தியாவில் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு 2021இல் வந்த உள்நாட்டு நீர்க்கலங்கள் சட்டம் இயந்திரக் கலங்களையே மையமாகக் கொண்டது. மிதிபடகும் துடுப்புப் படகும் ஓடும் நீர்நிலைகளில் விளக்குப் பற்றிய முடிவு, நடைமுறையில் படகு இல்லத்தை நடத்துபவரின் கையில் வந்து நிற்கிறது.

அணியத்தில் இரட்டை விளக்கு

டாக்கிங் லைட்டின் வம்சம் மோட்டார் காரிலிருந்து வந்தது. கார் பனிவிளக்கின் 55 வாட் ஹாலோஜன் பல்பை நீர்புகா உறையில் அடைத்து அணியத்தின் இரு பக்கமும் பொருத்தினார்கள். வெள்ளை எல்.இ.டி. வந்ததும் கணக்கு மாறியது. 1990களின் தொடக்கத்தில் பிரகாசமான நீல எல்.இ.டி. சாத்தியமானது; அகாசாகி, அமானோ, நகாமுரா மூவருக்கும் அதற்காக 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் பாஸ்பர் பூசி வெள்ளை ஒளி எடுக்கலாம் என்றானபின், படகு விளக்கு எவராலும் வாங்கக்கூடிய பொருளாகிவிட்டது.

கணக்கு எவ்வளவு மாறியது என்பதற்கு ஒரு படகின் கம்பியைப் பார்த்தாலே போதும். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி பின்புறம் இருக்கிறது, விளக்கு முன்புறம். போகவும் வரவும் சேர்த்துப் பன்னிரண்டு மீட்டர் கம்பி, தடிமன் 2.5 சதுர மில்லிமீட்டர். செப்புக் கம்பியின் மின்தடை ஏறத்தாழ 0.09 ஓம். இரண்டு ஹாலோஜனுக்கு 110 வாட், அதாவது ஒன்பது ஆம்பியருக்குச் சற்று மேல். கம்பியிலேயே முக்கால் வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். ஹாலோஜன் பல்புக்கு மின்னழுத்தம் சிறிது குறைந்தாலும் ஒளி பெரிதும் மங்கும். அதே கம்பியில் இருபது வாட் எல்.இ.டி. இரண்டு போட்டால் 3.3 ஆம்பியர்தான், இழப்பு 0.3 வோல்ட். அமெரிக்கப் படகுத் தரநிலைகள் அடையாள விளக்கு போன்ற முக்கியச் சுற்றுகளுக்கு மூன்று சதவீத இழப்பு வரையும், மற்றவற்றுக்குப் பத்து சதவீதம் வரையும் அனுமதிக்கின்றன. எல்.இ.டி. கடுமையான வரம்புக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. பழைய படகில் புதிதாக விளக்கு சேர்ப்பதைப் பலர் எளிய வேலையாகக் கருதுவதற்கு இதுவே காரணம்.

எளிது என்பதிலும் எச்சரிக்கை தேவை. டாக்கிங் லைட்டுக்குத் தனி சுவிட்ச், தனி ஃபியூஸ் வேண்டும். அடையாள விளக்கின் கம்பியிலிருந்து கிளை பிரித்தால், ஒன்றில் கோளாறு வரும்போது இரண்டும் அணையும். ஃபைபர் உடலில் துளையிட்ட இடத்தை நன்றாக அடைக்காவிட்டால் நீர் உள்ளே ஊறி உள்மரத்தை அழுகச் செய்யும். அது வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். வெள்ளீயம் பூசாத செப்பு இழைகள் ஈரத்தில் பச்சை பிடித்துப்போகும்.

ஒளியியல் சார்ந்த ஆட்சேபங்கள் இதைவிடக் கனமானவை. அணியத்தில் தாழ்வாக வைத்த விளக்கின் ஒளி அமைதியான நீரில் சாய்ந்து விழுந்து முன்னோக்கியே தெறித்துப் போகிறது. படகில் இருப்பவருக்கு நீர் கறுப்பாகவே தெரியும். பளிச்சென்று தெரிவது படகின் சொந்தக் கைப்பிடிக் கம்பிதான். பனிமூட்டத்தில் நிலைமை இன்னும் மோசம். கொடைக்கானலில் மாலை மூடுபனி இறங்கினால் துளிகள் ஒளியைத் திருப்பியனுப்ப, முன்னே ஒரு வெள்ளைச் சுவர் நிற்கும். அணை நீரில் வேறு சிக்கல். மழைக்காலத்தில் செம்மண் கலந்த நீருக்குள் எந்த விளக்கும் ஊடுருவாது. மேலே தலை நீட்டும் பட்டமரத்தைக் காட்டும், ஒரு சாண் கீழே இருக்கும் கட்டையைக் காட்டாது.

இன்னொரு குறை அதிகம் பேசப்படாதது. துறையில் கயிறு பிடிக்க நிற்பவரின் கண்களுக்கு நேராக இந்த ஒளி பாய்கிறது. படகில் இருப்பவர் அவரைத் தெளிவாகப் பார்க்கிறார். அவர் எதையும் பார்ப்பதில்லை. கயிறு எறியப்படும் கணத்தில் பார்வை வேண்டியது அவருக்குத்தான்.

ஆதரவாளர்கள் பக்கத்து வாதம் வேகத்தைப் பற்றியது. படகுக்கு பிரேக் கிடையாது. மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் வரும் படகு நொடிக்கு 1.4 மீட்டர் நகர்கிறது. விளக்கு பதினைந்து மீட்டர் வரை காட்டினால் பதினொரு நொடி கையில் இருக்கிறது; இயந்திரத்தைப் பின்னோக்கிப் போட்டு நிறுத்த அது போதும். பத்துக் கிலோமீட்டர் வேகத்தில் ஐந்து நொடிதான். வெளிச்சத்தைக் கூட்டி நேரத்தை வாங்கலாமே என்றால், தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற இயற்பியல் விதி குறுக்கே நிற்கிறது. திரும்பி வரும் ஒளிக்கும் அதே தண்டனை உண்டு. ஆகவே டாக்கிங் லைட் மெதுவாக வருபவருக்கு உதவும் கருவி. வேகமாக வருபவருக்கு அது பொய்யான தைரியத்தைத் தரும். இந்த விளக்குக்கு ஆதரவான நல்ல வாதங்கள் எல்லாம் முதல் வகைக்கு மட்டுமே பொருந்துகின்றன.

கண்ணை நம்புகிறவர்கள்

விழித்திரையின் கோல் செல்கள் இருட்டுக்கு முழுமையாகப் பழக இருபது நிமிடம் முதல் அரைமணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். பளிச்சென்ற ஒளி சில நொடிகளில் அந்தப் பழக்கத்தைக் கலைத்துவிடும். சிவந்த ஒளி கோல் செல்களை அதிகம் தொந்தரவு செய்வதில்லை; கப்பல்களின் இரவு அறைகளில் சிவப்பு விளக்கு வைப்பது இதனால்தான். நட்சத்திர ஒளியிலும் நிலா வெளிச்சத்திலும் நீர் சாம்பல் நிறமாகவும் கரை கறுப்பாகவும் பிரிந்து தெரியும், அந்தக் கோட்டை வைத்தே படகைக் கொண்டுவரலாம் என்பது இவர்கள் வாதம். நீர்த்தேக்கங்களில் பரிசல் போட்டு வலை விரிக்கும் மீனவர்கள் இருட்டோடு விடியலில் போகும்போது செய்வதும் இதுதான். கையில் டார்ச் இருக்கும். தேவைப்பட்ட இடத்தில் மட்டும் அடிப்பார்கள்.

அனுபவமுள்ள ஒருவர் தனியாகப் போகும்போது இதைவிட நல்ல முறை இல்லை என்றே சொல்லலாம். உல்லாசப் படகில் இது நிலைப்பதில்லை. பயணிகளின் கைபேசித் திரைகள், படம் எடுக்கும் ஃபிளாஷ், கரையோரக் கடைகளின் விளக்குகள் எல்லாம் ஓட்டுபவரின் கண்ணை ஓயாமல் கலைக்கின்றன. மிதிபடகில் ஓட்டுபவரே பயணிதான். அவருக்கு இருட்டும் தெரியாது, நீரும் தெரியாது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இருட்டில் பார்வை குறைவதும் கூசிய கண் மீள்வது தாமதமாவதும் மருத்துவம் நன்கறிந்த விஷயங்கள்.

இருட்டினால் படகு வேண்டாம்

கொடைக்கானலில் பொழுது சாய்வதற்குள் படகுச் சவாரி முடிந்துவிடும். கேரளத்தின் வேம்பநாட்டுப் பகுதியில் படகு வீடுகள் மாலை ஐந்தரை மணியை ஒட்டிக் கட்டப்பட்டுவிடும். இரவில் மீனவர்கள் வலை விரிப்பதற்கு இடம்விட்டு ஒதுங்குவதும் அதற்கு ஒரு காரணம். பிறரின் பிழைப்புக்கு வழிவிடும் ஏற்பாடு என்ற வகையில் இதை மதிக்க வேண்டும்.

இந்தப் பதிலுக்கு ஆதரவாகக் கேரளத்து விபத்துகளைச் சுட்டுவார்கள். 2007 பிப்ரவரி 20 மாலை தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு கவிழ்ந்து பதினைந்து மாணவர்களும் மூன்று ஆசிரியர்களும் இறந்தார்கள். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் ஜலகன்னிகை என்ற படகு கவிழ்ந்து 45 பேர். 2023 மே 7 அன்று தானூரில் இருட்டிய பிறகு ஓடிய உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர். இவற்றை விளக்கு விவாதத்துக்குள் இழுக்கும்போது கவனம் வேண்டும். தேக்கடி விபத்து பகல் வெளிச்சத்தில் நடந்தது. தானூரில் அளவுக்கு மீறி ஆள் ஏற்றியதும் படகின் தகுதியும்தான் முதன்மைக் கேள்விகளாயின. டாக்கிங் லைட் இருந்திருந்தால் இவற்றில் எதுவும் தடுக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் இருட்டு மீட்பை எவ்வளவு கடினமாக்குகிறது என்பதைத் தானூர் காட்டியது. நேரக் கட்டுப்பாட்டுக்கு உண்மையான நியாயம் அதில் இருக்கிறது.

தடையின் பலவீனம் நம் அட்சரேகையில் இருக்கிறது. பழனிப் பகுதியில் சூரியன் நவம்பர் இறுதியில் ஆறு மணியை ஒட்டியும் ஜூலையில் ஆறே முக்காலை ஒட்டியும் மறைகிறது. அதன்பின் கண்ணுக்கு உதவும் அந்தி ஒளி இருபத்திரண்டு நிமிடம் போலத்தான் நீடிக்கும். லண்டனில் ஜூன் மாதத்தில் அது முக்கால் மணி நேரத்துக்கும் மேல். படகு விளக்கைப் பற்றிய எழுத்தில் பெரும்பகுதி நீண்ட அந்தியுள்ள நாடுகளிலிருந்து வருகிறது. இங்கே, மலை மேற்கிலும் தெற்கிலும் நிற்கும் அணையில், இருபது நிமிடத் தாமதமே படகை முழு இருட்டில் தள்ளிவிடும். செயின் கழன்ற மிதிபடகு, எரிபொருள் தீர்ந்த இயந்திரப் படகு, திடீர்க் காற்று இவையெல்லாம் நேர அட்டவணையைப் பார்த்து வருவதில்லை. இரவில் படகில்லை என்ற விதியைக் காரணம் காட்டி விளக்கே வைக்காமல் விட்டால், தாமதமான ஒரு படகுக்குக் கைகொடுக்க எதுவும் இருக்காது. முட்டுக்காட்டில் மிதக்கும் உணவகக் கப்பல் ஓடத் தொடங்கியபின், தமிழ்நாட்டு உல்லாசப் படகுத் தொழில் பகலோடு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் பலவீனமாகிவிட்டது.

மற்ற உயிர்களின் பங்கு

அண்மைக்காலத்தில் வந்த ஆட்சேபம் இது. பூச்சிகள் விளக்கைச் சுற்றுவது ஏன் என்பதை 2024இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு புதிதாக விளக்கியது: ஒளி வரும் பக்கத்தை வானம் என்று கொண்டு அவை முதுகை அங்கே திருப்புகின்றன, அதனால் விளக்கைச் சுற்றியே சிக்கிக்கொள்கின்றன. மீன்களும் ஒளிக்குக் கூடுகின்றன. கடலில் எல்.இ.டி. விளக்கு வைத்து மீன் பிடிப்பதை இந்திய அரசு 2017இல் தடை செய்ததற்கு இந்தக் கவர்ச்சியே காரணம். திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 2022இல் கடவூர் தேவாங்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டபின், இரவில் இருட்டு என்பதும் காக்க வேண்டிய ஒன்று என்ற எண்ணம் இந்த மாவட்டத்தில் புதிதல்ல.

ஆனால் இந்த வாதத்தை முழுதாகத் தொடர்ந்தால், அது பலர் எதிர்பார்க்கும் இடத்துக்கு இட்டுச் செல்வதில்லை. டாக்கிங் லைட் ஒரு மாலையில் சில நிமிடம் எரிகிறது. கரைக் கம்பத்து விளக்கு அந்தி முதல் விடியல் வரை எரிகிறது. உயிரினங்களின் பார்வையில் கேடு அதிகம் செய்வது இரண்டாவது. சூழல் அக்கறை உள்ளவர்கள் படகு விளக்கை எதிர்ப்பதைவிட, கரை விளக்குக்கு மறைப்பும் தேவைக்கு மட்டும் எரியும் சுவிட்சும் கேட்பது பொருத்தம்.

எரியாத விளக்கு

இவ்வளவு வாதங்களுக்கு நடுவே அதிகம் கவனிக்கப்படாத பதில் ஒன்று உண்டு. 1934இல் பெர்சி ஷா இங்கிலாந்துச் சாலைகளுக்காக ‘பூனைக்கண்’ பிரதிபலிப்பானை உருவாக்கினார். வந்த ஒளியை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் அந்தத் தத்துவம் இன்று பட்டையாகக் கிடைக்கிறது. நம் லாரிகளின் பின்புறத்தில் ஒட்டியிருப்பது அந்த வகைதான். கப்பல்களின் உயிர்காப்பு உடைகளிலும் அது கட்டாயம்.

துறையின் கால்களிலும் விளிம்பிலும் இந்தப் பட்டையை ஒட்டினால், சாதாரணக் கைடார்ச்சின் ஒளியே தொலைவிலிருந்து துறையை எழுத்துப்போல் காட்டும். மின்சாரம் வேண்டாம், பூச்சி வராது, ஓட்டுபவரின் கண் கூசாது. அணை நீர் இறங்கினால் பட்டை ஒட்டிய கழிகளைப் பிடுங்கிப் புதிய விளிம்பில் நட்டுக்கொள்ளலாம். கம்பத்து விளக்குக்கு இது முடியாது. தெரிந்த பட்டமரங்களிலும் இதையே சுற்றலாம். குறைகளும் உண்டு. பாசியும் சேறும் படிந்தால் ஒளி திரும்பாது. மாதந்தோறும் துடைக்க ஆள் வேண்டும். டார்ச் கண்ணின் உயரத்துக்கு அருகே இல்லாவிட்டால் பயன் குறையும், ஏனென்றால் ஒளி திரும்புவது டார்ச்சுக்கே. அடையாளம் ஒட்டாத தடையை அது காட்டவும் காட்டாது.

முடிவாகாதவை

சிறு நீர்நிலைகளில் துறையணைக்கும்போது நிகழும் இடிகளையும் விரல் நசுங்கல்களையும் யாரும் முறையாகப் பதிவதில்லை. உயிர் போகும் விபத்தே கோப்புக்கு வருகிறது. ஆகவே டாக்கிங் லைட் எத்தனை காயத்தைக் குறைக்கிறது என்ற கேள்வி திறந்தே இருக்கிறது. எவ்வளவு ஒளி போதும் என்பதும் அப்படியே. விற்பனை அட்டைகள் லூமென் கணக்கைச் சொல்கின்றன, கூச்சத்தின் கணக்கைச் சொல்வதில்லை. பனிமூட்டத்தில் மஞ்சள் ஒளி வெள்ளையைவிட நன்றாகத் தெரியும் என்ற நம்பிக்கைக்கும் உறுதியான அடிப்படை இல்லை. மூடுபனித் துளிகள் எல்லா நிறங்களையும் ஏறத்தாழ ஒரே அளவில் சிதறடிக்கின்றன, மஞ்சளில் கூச்சம் குறைவு என்பது மட்டும் வேறு விஷயம். துடுப்புப் படகுகளுக்கு யார் விதி வகுப்பது என்பது மாநில அரசும் உள்ளாட்சியும் சேர்ந்து தீர்க்க வேண்டியது.

இருக்கும் சான்றுகளை வைத்துப் பார்த்தால், நீர்மட்டம் நிலையாக உள்ள ஏரியில் டாக்கிங் லைட்டுக்குத் தேவை மிகக் குறைவு. துறையில் தாழ்வான, மறைப்புள்ள விளக்கும் பிரதிபலிப்புப் பட்டையும் வேலையை முடித்துவிடும். நீர்மட்டம் ஏறி இறங்கும் அணையில், மீட்புப் படகுக்கும் இயந்திரப் படகுக்கும் அது தேவைப்படலாம். அப்போதும் அது தனிச் சுவிட்சில், கீழ்நோக்கிச் சாய்த்து, கடைசி ஐம்பது அடிக்கு மட்டும் எரிய வேண்டும். கயிறு எறியும் முன் அணைக்க வேண்டும். பாலசமுத்திரம் பக்கத்து அணை போன்ற ஒன்றில் நாளை யாரேனும் உல்லாசப் படகு விடத் திட்டமிட்டால், படகுக்கு விளக்கு வாங்குவதற்கு முன் ஒரு கோடைக்காலம் நீர் இறங்கும்போது கரை எங்கெங்கே போகிறது, எந்தக் கட்டை எந்த மட்டத்தில் தலை காட்டுகிறது என்று அளந்து வரைபடம் எடுத்துக்கொள்ளட்டும். எந்த விளக்கை எங்கே வைப்பது என்பதை அந்த வரைபடத்தை வைத்துத்தான் முடிவு செய்ய முடியும்.